வெள்ளி மாலை கிளம்பும் ஒன்பது பேருக்கு



பொங்கல் விழாச் சாப்பாட்டு வரிசையில், கையில் தட்டோடு நின்றபடி பேசிய பேச்சு இவ்வளவு தூரம் வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. இந்தக் கோடையில் நீங்கள் ஒன்பது பேரும் முதன்முறையாக, வேடம் போட்டுக் கதைக்குள் நின்று ஆடும் லார்ப் களத்துக்கு வருகிறீர்கள். சீட்டு வாங்கியாயிற்று, கூடாரமும் வாங்கியாயிற்று. மூன்று வாரமாக என் கைப்பேசி நிறைய உங்கள் கேள்விகள்தான். மேலங்கிக்கு என்ன துணி எடுப்பது, தோல் பூட்ஸ் கட்டாயமா, சைவச் சாப்பாடு கிடைக்குமா, இரவில் குளிருமா, மூக்குக்கண்ணாடியோடு சண்டை போடலாமா. எல்லாவற்றுக்கும் பதில் எழுதிவிட்டேன். ஒன்றை மட்டும் யாரும் கேட்கவில்லை. அதனால் நானே கேட்கிறேன்: உங்கள் கார் எப்படி இருக்கிறது?

ஒன்பது பேருக்கு நாலு கார். நாலும் பத்து வயது தாண்டியவை. என்னுடையதற்குப் பதினாறு வயது. பிரிட்டனில் நம்மில் பலருக்குக் கார் என்பது ஸ்டேஷன், தமிழ்க்கடை, பிள்ளைகளின் பள்ளிக்கூடம், ஞாயிற்றுக்கிழமை கோயில் என்று நாலைந்து மைலுக்குள் சுற்றிவரும் வண்டி. அதில் டிக்கி நிறையச் சாமானை ஏற்றி, ஆளும் ஏறிக்கொண்டு, வெள்ளிக்கிழமை மாலை நெரிசலில் நூறு மைல் ஓட்டப்போகிறோம். பிறகு மூன்று நாள் புல்வெளியில் நிறுத்திவைத்து, மறுபடி நூறு மைல். வாரம் முழுக்கச் செய்யாத வேலையை அந்த வண்டியிடம் ஒரே நாளில் கேட்கிறோம்.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். மூன்று வருடத்துக்கு முன்னால் எங்கள் படைக்கும் பக்கத்துப் படைக்கும் சமாதானம் பேச ஏற்பாடாகியிருந்தது. நான் தூதன். ஒப்பந்த ஓலை என் கையில். தேயிலைத் தண்ணீரில் நனைத்துப் பழுப்பாக்கிய தாள், பேனாக்கத்தியால் சீவிய இறகால் எழுதிய எழுத்து, சிவப்பு மெழுகு முத்திரை. ஆறு வாரம் இரவு இரவாக உட்கார்ந்து செய்தது. வெள்ளிக்கிழமை எட்டு மணிக்கு மோட்டார்வேயில் நல்ல மழை. திடீரென்று வைப்பர் மெதுவானது. ரேடியோ நின்றது. முன்விளக்கின் வெளிச்சம் மஞ்சளாகி, நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே சுருங்கியது. பேட்டரி படம் போட்ட சிவப்பு விளக்கு எரிந்தது. அந்த விளக்கு இரண்டு வாரமாகவே காலையில் மினுக்கி மினுக்கி அணைந்துகொண்டிருந்தது. பார்த்தேன். 'வந்து பார்த்துக்கொள்ளலாம்' என்று விட்டுவிட்டேன். ஆல்டர்னேட்டரைச் சுழற்றும் பெல்ட் நைந்து, வழுக்கி, கடைசியில் அறுந்துபோயிருந்தது. பெல்ட்டின் விலை ஒரு குடும்பம் வெளியே போய்ச் சாப்பிடும் செலவைவிடக் குறைவு.

இரண்டு நண்பர்களோடு தடுப்புக் கம்பிக்கு அந்தப் பக்கம் மழையில் நின்றேன். பதினொரு மணிக்கு மேல் மீட்பு வண்டி வந்து எங்களை வீட்டில் இறக்கிவிட்டது. காசு போனதைப் பற்றி எனக்கு வருத்தமில்லை. சனிக்கிழமை நண்பகலில் களத்தில் கம்பளம் விரித்து, இரண்டு தரப்பும் எதிரெதிரே உட்கார்ந்து, தூதனுக்காகக் காத்திருந்தார்கள். அந்தப் பக்கத்துத் தலைவி ஒரு நர்ஸ். அந்த வார இறுதிக்காக இரண்டு இரவுப் பணியை மாற்றிக்கொண்டு வந்தவர். எனக்குப் பதில் சொல்வதற்காக ஒரு பேச்சை மனப்பாடம் செய்து வைத்திருந்தார். அந்தப் பேச்சை யாரும் கேட்கவில்லை. தூதனை வழியில் பகைவர் பிடித்துவிட்டார்கள் என்று கதையை வேறு பக்கம் திருப்பி எப்படியோ சமாளித்தார்களாம். எனக்கு இன்றைக்கும் அது உறுத்துகிறது.

இதை ஏன் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன் என்றால், இந்த ஆட்டத்தில் பார்வையாளர் என்று யாரும் கிடையாது. சினிமாவுக்கு நீங்கள் போகாவிட்டால் ஒரு நாற்காலி காலியாக இருக்கும், படம் ஓடும். இங்கே நீங்கள் வராவிட்டால் கதையிலேயே ஒரு ஓட்டை விழும்.

வீட்டில் 'அது என்ன ஆட்டம்' என்று கேட்டால் என்ன சொல்வது என்று உங்களில் இருவர் கேட்டிருந்தீர்கள். மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆடும் 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' 1974-இல் அமெரிக்காவில் வெளியானது. அதில் வாயால் சொல்லி ஆடியதை எழுந்து நின்று உடம்பால் ஆடினால் லார்ப். பிரிட்டனில் இதற்கு ஒரு பிறந்த வீடு உண்டு. செஷயர் மாவட்டத்துப் பெக்ஃபோர்டன் கோட்டையில் 1982-இல் 'டிரெஷர் ட்ராப்' என்ற பெயரில் ஆட்டம் தொடங்கியது. அந்தக் கோட்டையே 1850-இல் கட்டி முடித்தது. இடைக்காலக் கோட்டை போலவே இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டு ஒரு பணக்காரர் எழுப்பிய கட்டடம். வேடம் போட்ட கோட்டைக்குள் வேடம் போட்ட மனிதர்கள் புகுந்தார்கள் என்று நினைத்தால் எனக்கு மகிழ்ச்சியாக இருக்கும். இன்று 'எம்பயர்' போன்ற பெரிய ஆட்டங்கள் வருடத்துக்கு நாலு முறை நடக்கின்றன, ஆயிரக்கணக்கில் ஆட்கள் வருகிறார்கள். ஜெர்மனியில் புரோக்கெலோ என்ற சிற்றூரில் கூடும் கூட்டம் அதைவிடப் பெரிது.

செய்யாறு பக்கத்தில் பிறந்தவனுக்கு இதெல்லாம் அந்நியமாகத் தெரியவில்லை. எங்கள் ஊரில் பாரதக் கூத்து நடக்கும். கடைசி நாள் படுகளத்தில், மண்ணால் செய்து தரையில் கிடத்திய துரியோதனனைச் சுற்றி ஊரே நிற்கும். பீமன் வேடக்காரர் கதையைத் தூக்கிக்கொண்டு ஓடும்போது கூட்டமும் கூடவே ஓடும். யார் ஆடுகிறார்கள், யார் பார்க்கிறார்கள் என்று அந்த நேரத்தில் பிரித்துச் சொல்ல முடியாது. வேடம் கட்டியவர் விடிந்ததும் பக்கத்து வயலில் களை எடுத்துக்கொண்டிருப்பார். நாங்கள் அவரைக் கொஞ்சநாள் பீமன் என்றேதான் கூப்பிடுவோம்.

இங்கே எனக்குக் கிடைத்தது இன்னொன்றும் உண்டு. அலுவலகத்தில் பதினெட்டு வருடமாக என்னிடம் 'உங்கள் சொந்த நாடு எது' என்று கேட்கிறார்கள். களத்தில் யாரும் அதைக் கேட்டதில்லை. 'நீ எந்தப் படை?' என்றுதான் கேட்பார்கள். முதல் வருடம் அடிபட்டு ஈரப்புல்லில் விழுந்து கிடந்தேன். எங்கள் ஆட்டத்தில் மூன்று நிமிடத்துக்குள் மருத்துவர் வராவிட்டால் அந்தப் பாத்திரம் இறந்துவிடும். மனசுக்குள் எண்ணிக்கொண்டிருந்தேன். நூற்றைம்பதைத் தாண்டியிருக்கும். பத்தொன்பது வயதுப் பையன் ஒருவன் ஓடி வந்து முட்டி போட்டு, நடுங்கும் கையால் துணியைச் சுற்றிக் கட்டி, "இருங்கள், போய்விடாதீர்கள்" என்றான். அவன் கண்ணில் நிஜமாகவே தண்ணீர். எனக்கும்தான். ஒரு அந்நியன் என்னை அவ்வளவு அக்கறையோடு தொட்டு வெகுநாள் ஆகியிருந்தது. உங்களுக்கும் அப்படி ஒரு நேரம் வாய்க்க வேண்டும் என்றுதான் உங்களைக் கூப்பிட்டேன்.

எம்பயரில் ஒரு வழக்கம் உண்டு, நல்ல வழக்கம். சனிக்கிழமைப் போரில் நாயகனாக இறங்குபவர் ஞாயிற்றுக்கிழமைப் போரில் எதிரிப் படையின் முகமூடியை மாட்டிக்கொண்டு, முன்பின் தெரியாதவர் கையால் அடிவாங்கி விழுவார். இன்னொருவருக்கு நல்ல சண்டை கிடைக்கட்டும் என்று ஓடி ஓடி விழுவதில் இருக்கும் சந்தோஷம் ஜெயிப்பதில் இல்லை. எங்கள் ஆட்டத்திலும் எதிரி வேடத்துக்கு ஆள் கேட்பார்கள். கேட்டால் தயங்காமல் கையைத் தூக்குங்கள்.

களத்துக்குள் நுழைந்ததும் முதலில் ஆயுதச் சோதனை. வரிசையில் நின்று வாளைக் கொடுக்க வேண்டும். சோதிப்பவர் முனையைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பார். நுரைக்கு உள்ளே ஃபைபர் கம்பி இருக்கிறதல்லவா, அது நுரையைத் துளைத்துக்கொண்டு முனைக்கு வந்துவிட்டதா என்று பார்ப்பதற்காக. பிறகு இரண்டு கையாலும் வளைப்பார். கம்பி உள்ளே முறிந்திருந்தால் நெறுநெறு என்று சத்தம் வரும். மேலே பூசிய லேடெக்ஸ் தோலில் விரலை ஓட்டிக் கிழிசல் தேடுவார். கடைசியில் தன் முன்கையிலேயே ஒரு அடி அடித்துப் பார்த்துத்தான் திருப்பித் தருவார். போன மாதம் தேறிய வாள்தான் என்று சொல்லி யாரும் தப்ப முடியாது. ஒவ்வொரு முறையும் புதிதாகத் தேற வேண்டும். யாருக்காவது நிஜமாகவே அடிபட்டால் 'மேன் டவுன்' என்ற குரல் எழும். அந்தக் குரல் கேட்டதும் சண்டையை அப்படியே நிறுத்திவிட வேண்டும், எவ்வளவு முக்கியமான போராக இருந்தாலும்.

நுரை வாளுக்கு இவ்வளவு பார்க்கும் நாம் ஒரு டன்னுக்கு மேல் எடையுள்ள வண்டியை எதுவும் பார்க்காமல் எடுத்துக்கொண்டு கிளம்புகிறோம். வருடாந்திர வண்டிச் சோதனையான 'எம்.ஓ.டி. பாஸ் ஆகிவிட்டது' என்கிறார் உங்களில் ஒருவர். அது அக்டோபரில் ஆனது. சோதனை செய்த அன்றைக்கு வண்டி சரியாக இருந்தது என்பதைத்தான் அந்தச் சான்று சொல்கிறது. அதற்குப் பிறகு ஒரு குளிர்காலம் முழுக்கக் குழி விழுந்த ரோட்டில் ஓடியிருக்கிறது.

என் அப்பா லாரி ஓட்டியவர். கிளம்புவதற்கு முன்னால் ஒரு கட்டையை எடுத்துக்கொண்டு வண்டியைச் சுற்றி வந்து ஒவ்வொரு டயரையும் தட்டுவார். தலையைச் சாய்த்துச் சத்தத்தைக் கேட்பார். காற்று குறைந்த டயரின் சத்தம் தனியாகத் தெரியும். அவர் தட்டாமல் வண்டியை எடுத்து நான் பார்த்ததே இல்லை. ஆயுத பூஜை அன்று லாரியைக் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, சக்கரத்துக்கு ஒன்றாக எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றி நசுக்குவார். கத்தி, அரிவாள், ஸ்பானர், ஸ்டெப்னி எல்லாம் ஒரே வரிசையில் பொட்டு வைத்து இருக்கும். ஆயுதத்தையும் வண்டியையும் ஒரே நாளில் கும்பிடும் ஜாதி நாம். உங்கள் வாளுக்கு வைக்கும் பொட்டை வண்டிக்கும் வையுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

டயரிலிருந்து தொடங்குங்கள். ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். சில வண்டிகளில் பெட்ரோல் மூடிக்கு உட்புறம் இருக்கும். அதில் காற்றழுத்தம் இரண்டு விதமாகப் போட்டிருக்கும். ஒன்று ஓரிருவர் போகும்போது, இன்னொன்று ஆளும் சாமானும் நிறைந்திருக்கும்போது. நம்மில் பெரும்பாலோர் இரண்டாவது எண்ணைத் தொட்டதே இல்லை. சங்கிலிக் கவசம் ஒன்றே பத்துக் கிலோவுக்கு மேல் இருக்கும். அதோடு கேடயம், கூடாரம், அரிசி மூட்டை, ஆட்கள். உங்களுக்கு வேண்டியது அந்த இரண்டாவது எண். டயரின் பள்ளம் இங்கே சட்டப்படி குறைந்தது 1.6 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். 20 பென்ஸ் நாணயத்தைப் பள்ளத்தில் செருகினால் அதன் ஓர விளிம்பு மறைய வேண்டும். விளிம்பு வெளியே தெரிந்தால் டயரை மாற்றுங்கள்.

பிறகு டிக்கியைக் காலி செய்து, அடித்தட்டைத் தூக்கிப் பாருங்கள். ஸ்டெப்னி இருக்கிறதா, அல்லது பஞ்சர் பசை டப்பா மட்டும்தானா? ஜாக்கி இருக்கிறதா? லாக் நட்டுக்கு உரிய சாவி இருக்கிறதா? பழைய வண்டி வாங்கியவர்களில் பாதிப் பேருக்கு இந்தச் சாவி எங்கே என்று தெரியாது. அது இல்லாமல் ஸ்டெப்னி இருந்தும் சக்கரத்தைக் கழற்ற முடியாது. அங்கேயே விரல் பருமனில், வளையம் வைத்த ஒரு இரும்புக் கொக்கி இருக்கும். பம்பரில் உள்ள சின்ன மூடியை நெம்பி எடுத்துவிட்டு அதைத் திருகி மாட்ட வேண்டும். சேற்றில் சிக்கினால் டிராக்டர்காரர் முதலில் கேட்பது அந்தக் கொக்கியைத்தான். டிக்கியில் கவசத்தை அடுக்கிய பிறகு, மழையில், எல்லாவற்றையும் சேற்றில் இறக்கி வைத்து அதைத் தேடிய ஒரு தம்பதியைப் பார்த்திருக்கிறேன். இன்றைக்கே எடுத்து முன்பக்க டாஷ்போர்டு பெட்டியில் போட்டுவிடுங்கள்.

பேட்டரியைப் பற்றி நான் அதிகம் சொல்லியே ஆக வேண்டும், களத்தில் நான் கண்ட கோளாறுகளில் பெரும்பாலானவை அதனால்தான் வந்தன. தினமும் இரண்டு மைல் ஓடி நிற்கும் வண்டியில், ஸ்டார்ட் செய்யச் செலவான மின்சாரம் திரும்பி ஏறுவதற்குள் பயணம் முடிந்துவிடும். அதனால் பேட்டரி எப்போதும் அரைவயிற்றோடுதான் இருக்கும். அப்படிப்பட்ட வண்டியைக் களத்தில் நிறுத்திவிட்டுக் கைப்பேசிக்குச் சார்ஜ் போடுவது, இரவில் டிக்கியைத் திறந்துவைத்து அந்த வெளிச்சத்தில் தாடி ஒட்டுவது என்று மூன்று நாள் போனால், கிளம்பும் நாளில் செல்ஃப் எடுக்காது. டக் டக் என்று ஒரு சத்தம் மட்டும் வரும். சின்ன மல்ட்டிமீட்டர் ஒன்றை வைத்து, வண்டி ஓடாமல் சில மணி நேரம் நின்ற பிறகு அளந்து பாருங்கள். 12.6 வோல்ட் இருந்தால் நல்லது. 12.4-க்குக் கீழே இருந்தால் சார்ஜ் போட வேண்டும். அதன் பிறகும் இறங்கிக்கொண்டே போனால் பேட்டரியின் காலம் முடிந்தது. எஞ்சின் ஓடும்போது 14-ஐ ஒட்டிக் காட்டவில்லை என்றால் ஆல்டர்னேட்டரைப் பாருங்கள். அன்றைக்கு நான் பார்த்திருக்க வேண்டியது அதுதான்.

ஜம்ப் கேபிள் மாட்டும் வரிசையை மனதில் ஏற்றிக்கொள்ளுங்கள். சிவப்பு முதலில் செத்த பேட்டரியின் பிளஸ்ஸில், அதன் மறுமுனை நல்ல பேட்டரியின் பிளஸ்ஸில். கறுப்பு நல்ல பேட்டரியின் மைனஸில், அதன் மறுமுனை செத்த வண்டியின் எஞ்சினில், பேட்டரியிலிருந்து தள்ளி, பெயின்ட் இல்லாத இரும்பில். பேட்டரியின் பக்கத்தில் பொறி தெறிக்கக் கூடாது. அதனால்தான் கடைசி முனையைத் தள்ளி மாட்டுவது. கழற்றும்போது இதையே தலைகீழாகச் செய்யுங்கள்.

மழை பெய்த களத்திலிருந்து வெளியேறும்போது ஆக்ஸிலரேட்டரை அழுத்தாதீர்கள். சக்கரம் சுற்றச் சுற்றக் குழிதான் ஆழமாகும். இரண்டாவது கியரில், கால் படுகிறதா இல்லையா என்பதுபோல் மெதுவாக நகர்த்துங்கள். அசையவில்லையென்றால் உள்ளே காலடியில் கிடக்கும் மிதியடியை எடுத்துச் சக்கரத்துக்கு முன்னால் போடுங்கள். காய்ந்த புல் என்றால் வேறு கவலை: ஓடி வந்த வண்டியின் அடியில் புகைக்குழாய் கொதித்துக்கொண்டிருக்கும். உயரமான புல்மேல் நிறுத்தாதீர்கள், அப்படித் தீப்பிடித்ததுண்டு.

வழியில் நின்றுவிட்டால் என்ன செய்வது என்பதைப் பிள்ளைகளுக்கும் சொல்லிவையுங்கள். மோட்டார்வேயில் இடது பக்கக் கதவு வழியாகத்தான் எல்லோரும் இறங்க வேண்டும். தடுப்புக் கம்பியைத் தாண்டி அந்தப் பக்கம் போய் நிற்க வேண்டும். காருக்குள் உட்கார்ந்திருக்கக் கூடாது, குளிராக இருந்தாலும். சிவப்பு முக்கோணத்தை மோட்டார்வேயில் வைக்கக் கூடாது. மற்ற ரோடுகளில் வண்டிக்குப் பின்னால் குறைந்தது 45 மீட்டர் தள்ளி வைக்கலாம். ஆளுக்கொரு ஒளிரும் சட்டை வாங்குங்கள், அதை டிக்கியின் அடியில் புதைக்காமல் இருக்கைக்குப் பக்கத்தில் வையுங்கள். அன்று மழையில் கறுப்பு மேலங்கியோடு நின்ற எங்கள் மூன்று பேரிடமும் ஒன்றுகூட இல்லை. வாள்களைப் பையில் போட்டு மூடி வையுங்கள். வழியில் காபி குடிக்க இறங்கும்போது அவற்றைப் பார்த்து யாரும் பயப்படக் கூடாது.

திரும்பும் பயணம்தான் எனக்கு அதிகப் பயம். மூன்று இரவு சரியான தூக்கம் இருக்காது, உடம்பெல்லாம் வலி, மனசு இன்னும் களத்திலேயே இருக்கும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை கால்மணி நேரம் நிறுத்தச் சொல்கிறது இங்குள்ள ஹைவே கோட். நீங்கள் ஒரு மணி நேரத்திலேயே நிறுத்துங்கள். கண் சொருகினால் நிறுத்தித் தூங்குங்கள். மறுநாள் விடுப்பு எடுத்துவிட்டே வாருங்கள்.

ஓலையை இந்த வருடம் மறுபடியும் எழுதிவிட்டேன். சனிக்கிழமை நண்பகல் என்று இரண்டு தரப்பும் பேசி வைத்திருக்கிறோம். அந்தத் தலைவி அதே பேச்சை இன்னும் வைத்திருப்பதாகச் சொன்னார். என் இரண்டு பக்கமும் நிற்க ஆட்கள் வேண்டும்.

கிளம்புவதற்கு முந்தைய சனிக்கிழமை காலை பத்து மணிக்கு நாலு காரையும் என் வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுங்கள். ஏதாவது மாற்ற வேண்டியிருந்தால் கிட்டத்தட்ட ஒரு வாரம் கையில் இருக்கும். காற்றழுத்தம் பார்க்கும் கருவி, மல்ட்டிமீட்டர், ஜம்ப் கேபிள் என்னிடம் உண்டு. டிக்கியைக் காலியாகக் கொண்டுவாருங்கள். மதியம் சாப்பிட்டுவிட்டுப் போகலாம். என் காரோடு ஐந்து வண்டி, சக்கரத்துக்கு ஒன்றாக இருபது எலுமிச்சம்பழம் வாங்கி வைக்கிறேன்.

அன்புடன்,
உங்கள் தூதன்